ஒப்பாரிக்கு யார் பெயரைப் போடுவது?

‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச் 7 அன்று வெளியானது. சில வாரங்கள் கழித்து, திருவரங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அக்கா மகள் அதைப் போனில் போட்டாள். தீ பாடும் பகுதியை அப்பத்தா காதிலேயே வாங்கவில்லை, கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தாளம் தணிந்து அறிவின் குரல் ஒப்பாரிக்கு இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு ஆத்தா செத்தது?”

நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று பிறகு எனக்குத் தோன்றியது. ஆடவைக்கும் ஒரு பாட்டுக்கு நடுவில் ஏன் ஒரு சாவு வீடு?

விடை அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடம் இருக்கிறது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கங்காணிகள் ஆள்பிடித்துப் போன வறண்ட சீமைகளில் எங்கள் புதுக்கோட்டையும் ஒன்று. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் கணக்குப் போட்டார்கள். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்த நாட்டில் சாக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாட்டில் இரண்டு மொழிகள் ஓடுவதாக எனக்குப் படுகிறது. நிலத்துக்கு உரிமை கோரும்போது பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியில் பேசுகிறது. பட்டா இல்லாத மக்கள், இந்த மண்ணைத் திருத்தியது எங்கள் முன்னோர் என்று சொல்வது பெரிய அரசியல்தான். அந்த உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் முன்னோர் வரிசையில் முதலில் நிற்பது ஆண்தான். துக்கத்துக்கு வரும்போது பாட்டு பெண்ணின் வாய்க்கு மாறுகிறது. மரம் நட்டு, தோட்டத்தைச் செழிக்கவைத்து, தன் தொண்டை மட்டும் நனையாமல் போனதைச் சொல்லும் குரல் அது. காத்தவன் ஆண், நட்டவள் பெண், வாரிசு பேரன். பாட்டுக்குள்ளும் வேலைப் பங்கீடு நம் வீடுகளில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது.

இதில் ஒரு விலகலும் உண்டு. அறிவு தன்னை வள்ளியம்மாளின் பேரன் என்றே பாட்டுக்குள் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அப்பன் பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் ஊரில், ஒரு ஆண் பாட்டியின் பெயரால் தன்னை அடையாளம் சொல்வது சின்ன விஷயமல்ல. தலைப்பில் உள்ள ‘சாமி’யும் அப்படித்தான். வரப்பில் நின்ற நிலக்காரரை அப்பத்தா ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. பேத்தியைக் கொஞ்சும்போதும் ‘என் சாமி’ என்பார். பணிவுக்காகப் பிடுங்கப்பட்ட சொல்லை இந்தப் பாட்டு பாசத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

பிறகு சண்டை வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தான்தான் என்று அவர் எழுதினார். இது கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். ஒரு தலித் கலைஞனின் பெயர் அட்டையிலிருந்து நழுவியது தற்செயல் என்று நம்ப எனக்கு மனமில்லை. அறிவின் கோபம் நியாயமானது.

ஆனால் அந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வியை யாரும் எழுப்பி நான் கேட்கவில்லை. ஒப்பாரி என்ற வடிவத்தை ஆக்கியவர்கள் யார்?

அப்பத்தா ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர். அந்தக் காலத்தில் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஆள் வரும். போய் மாரடித்துவிட்டு வர வேண்டும், முடியாது என்று சொல்ல முடியாது. கூலி கொஞ்சம் நெல். செத்தவரின் உறவு, குணம், விட்டுப்போன பிள்ளைகள் என்று விசாரித்து, போன இடத்திலேயே வரி கட்ட வேண்டும். எதுகை தவறக் கூடாது, மூச்சு முடியும் இடத்தில் வரியும் முடிய வேண்டும். சொந்த வீட்டுச் சாவில் அதே மெட்டில் அண்ணன் கைவிட்டதையும் மாமியார் அடித்ததையும் சொல்லி அழலாம். வேறு எங்கு சொன்னாலும் அடி விழும். இவ்வளவும் செய்பவரைப் பாடலாசிரியர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ‘அழுதாள்’ என்கிறோம்.

ராயல்டி கணக்கில் இந்தப் பெண்களுக்குக் கட்டம் கிடையாது. பாட்டனார் சொத்துக்குப் பட்டா உண்டு, பாட்டி மெட்டுக்கு இல்லை. வள்ளியம்மாளுக்காவது பெயரைச் சொல்ல ஒரு பேரன் இருந்தார்.

அப்பத்தா போன வருசம் இறந்தார். மூன்று பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து விடியும்வரை சொன்னார்கள். அக்கா மகள் போனில் பதிந்தாள். காரியம் முடிந்ததும், சொன்னவர்களின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கச் சொன்னேன்.

“எதுக்கு ஆத்தா எங்க பேரு?” என்றார் ஒருவர்.

“பாட்டு ஒங்களோடதுதான அம்மாயி,” என்றாள் அவள்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பெயரோடு தன் அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அவரிடமிருந்து கற்றதாம்.