மறுக்கத் தெரிந்த வாசகன்

சிற்றூரில் இருந்துகொண்டு எழுதுகிறவனுக்கு முதல் தேவை வாசகன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்கு முதல் தேவை மறுக்கத் தெரிந்த வாசகன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்ச் சூழல் ஒரு காலத்தில் அறிந்திருந்தது. இப்போது வெறும் வாசகன் மலிந்துவிட்டான். அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவன் இரவு பத்து மணிக்கு எழுதிய கவிதையைப் பத்தேகாலுக்குள் நாற்பது பேர் கைபேசியில் படித்து 'அருமை' என்று சொல்லிவிடுகிறார்கள். அவனுடைய தனிமை தீர்ந்தது வாஸ்தவம். அவன் கவிதை கற்றுக்கொண்டானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதும், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டதும் புதுக்கவிதையின் சரித்திரத்தில் ஓரத்து விஷயம் அல்ல. அந்தச் சரித்திரமே அதுதான். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டார். அந்த எல்லையைத் தாண்டிவிடும் அபாயம் பத்திரிகைக்குக் கடைசிவரை நேரவில்லை. ஆனால் அந்தச் சில நூறு பிரதிகள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும். கடலுக்கு அப்பால் திருகோணமலையில் இருபது வயதுப் பையனான தருமு சிவராமுவுக்குப் போய்ச் சேர்ந்தது. வடக்கே உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதனுக்குப் போய்ச் சேர்ந்தது. சேலத்தில் சி. மணிக்கு, நாகர்கோவிலில் பசுவய்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இவர்கள் பரஸ்பரம் முகம் தெரியாத நிலையிலேயே ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து வளர்ந்தவர்கள். 1962-ல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 பேருடைய 63 கவிதைகள் இருந்தன. இந்த 24 பேரைச் சேர்த்துக் கட்டிய சரடு ஊரும் அல்ல, உறவும் அல்ல. மாதம் ஒருமுறை தபாலில் வந்த ஒரு பத்திரிகை.

சிவராமு விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூரத்திலிருந்து எழுதும் பையன் என்று அவருக்குத் தனிச் சலுகை எதுவும் தரப்படவில்லை. ந. பிச்சமூர்த்தியின் கவிதை அச்சான அதே பத்திரிகையில், அதே தராசில் நிறுக்கப்பட்டு அவர் கவிதை வந்தது. கவிதையோடு நிற்காமல் அவர் விமர்சனமும் எழுதினார். மூத்தவர்களைப் பற்றி எழுதினார். கற்றுக்கொள்ள வந்தவன் கற்பித்தவரை எடைபோடும் உரிமையும் பெற்றிருந்தான். ஒரு குழுவின் ஆரோக்கியத்துக்கு இதைவிட நிச்சயமான அடையாளம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தவற்றிலும் இதே குணத்தைப் பார்க்கலாம். 1968-ல் சேலத்திலிருந்து வந்த 'நடை' எட்டு இதழ்களோடு நின்றுபோனது. ஆனால் அதைச் சூழ்ந்திருந்தவர்களில் சி. மணி, யாப்பை உடைத்தவர் என்று பெயரெடுத்தவர், 'யாப்பும் கவிதையும்' என்று ஒரு நூலே எழுதும் அளவுக்கு யாப்பைக் கற்றிருந்தார். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்த 'காகங்கள்' கூட்டங்களில் எழுதியதை வாசித்தால் விவாதத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 1983-ல் பிரம்மராஜன் உதகையிலிருந்து கொண்டுவந்த 'மீட்சி' அயல்மொழிக் கவிதைகளின் மொழிபெயர்ப்புகளைத் தமிழ்க் கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்தது. ஆங்கிலம் அறியாத ஒரு தாலுகாக் கவிஞன் தன் வரியைப் போர்ஹேயின் வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. கலாப்ரியா குற்றாலத்தில் கூட்டிய கவிதைப் பட்டறைகளும் இந்த வரிசையில் சேரும். இவற்றில் ஒன்றுகூடச் சென்னையில் நடந்தது அல்ல.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 1971-ல் கோவையில் கிளம்பிய 'வானம்பாடி', விலையில்லாமல் வந்த பத்திரிகை. சிற்றூர்களிலிருந்த எத்தனையோ பேருக்குப் பேனா எடுக்கத் துணிவு தந்தது அது. அந்த நன்மையை மறுப்பது நியாயம் ஆகாது. ஆனால் அதன் சூழலில் கவிதைக்குத் தீர்ப்புச் சொன்னது மேடை. கைதட்டு வாங்கும் வரி எது என்று மேடைக்குத் தெரியும். கவிதையில் தேவையில்லாத வரி எது என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு அவகாசமும் இல்லை. இன்றைய கைபேசிக் குழுக்கள் 'எழுத்து'வின் வாரிசுகள் என்று நினைத்துக்கொள்கின்றன. உண்மையில் அவை மேடையின் வாரிசுகள்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை ஒரு தாலுகா ஊரில் இருக்கிறது. எழுதுகிறவன் என்று தெரிந்து சில இளைஞர்கள் கவுண்டருக்கு மேலாக நோட்டுப் புத்தகங்களைத் தந்துவிட்டுப் போவார்கள். ஒருவருடைய கவிதையில் வற்றிய கண்மாய் வருகிறது. கரம்பையில் பதிந்து காய்ந்த மாட்டுக் குளம்புகள். அவற்றில் ஒரு குளம்புத் தடத்தில் மட்டும் முந்தின நாள் தூறலின் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தவிட்டுக்குருவி ஒன்று வந்து குடிக்கிறது. குடித்து முடித்ததும் தடம் காலியாகிவிடுகிறது. இவ்வளவும் ஆறு வரிகளில். கவிதை இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. இது உழவனின் கண்ணீர் என்றும், ஆள்வோர் இதை அறிவாரா என்றும் மேலும் இரண்டு வரிகள் எழுதியிருந்தார். அவருடைய குழுவில் அத்தனை பேரும் பாராட்டியது அந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான் என்று அவரே பெருமையோடு சொன்னார். அடுத்த பக்கங்களைப் புரட்டினால் கண்மாய் இல்லை, குளம்பு இல்லை, குருவி இல்லை. பக்கம் பக்கமாக அந்தக் கடைசி இரண்டு வரிகளே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. எதைப் பாராட்டினார்களோ அதை அவர் கற்றுக்கொண்டார். குழு கற்பிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. தவறானதைத் தீவிரமாகக் கற்பித்திருக்கிறது.

டி.எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' 1922-ல் அச்சாவதற்கு முன் எஸ்ரா பவுண்ட் அதில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினார் என்று பி.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படித்த விஷயம்தான். ஆனால் அந்தக் கண்மாய்க் கவிதைக்கு வேண்டியிருந்தது அது மாதிரி ஒரு கை. இரண்டே வரிகளை அடிக்கும் கை. நாற்பது பேரில் ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை.

ஏன் வாய்க்கவில்லை? காரணம் அறியாமை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். 'கிராமத்துக் கவிஞன்' என்ற பட்டம் ஒரு காரணம். மண், வியர்வை, அம்மாவின் சுருக்குப்பை என்று எதைக் கண்டாலும் நகரத்து வாசகனுக்கு நெஞ்சு கரைந்துவிடுகிறது. கரைந்த நெஞ்சு திருத்தாது. இந்தக் கருணை ஓர் அவமதிப்பு. உன்னிடம் எதிர்பார்ப்பதற்கு எங்களுக்கு அதிகம் ஒன்றுமில்லை என்பதை அன்பான குரலில் சொல்வது அது. த. பழமலயின் 'சனங்களின் கதை' 1988-ல் வந்தபோது அதற்கு இந்தக் கருணை தேவைப்படவில்லை. படிமமும் இறுக்கமும்தான் கவிதை என்று முடிவுகட்டியிருந்தவர்களைத் தங்கள் இலக்கணத்தையே மறுபடி யோசிக்க வைத்தது அது. குழு கவிஞனுக்குக் கற்றுத்தருவது பாதி. கவிஞனிடமிருந்து கற்கும் நேரம் வரும்போது அதை அடையாளம் காண்பது மறுபாதி.

சிறுபத்திரிகைக் குழுக்கள் இந்த மறுபாதியில் பலமுறை தவறியிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பு அங்கே பல சமயம் கோஷ்டியின் வாயிற்கதவாகவே இருந்தது. காரணம் சொல்லாமல் திரும்பி வந்த கவிதைகள் எத்தனையோ பேரை எழுதாமல் ஆக்கியிருக்கும். ஆகவே நான் கேட்பது வெறும் மறுப்பு அல்ல. காரணம் சொல்லும் மறுப்பு. எந்த வரி, ஏன், அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று சொல்கிற மறுப்பு. அப்படிச் சொல்லப்பட்ட காரணத்தோடு கவிஞன் மல்லுக்கு நிற்கலாம். 'அருமை'யோடு மல்லுக்கு நிற்க வழியே இல்லை.

தபால் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தபாலில் ஒரு நன்மை மட்டும் தன்னால் விளைந்தது: பதில் வரப் பத்து நாள் ஆகும், அந்தப் பத்து நாளில் கவிஞன் தன் கவிதையைத் தானே அந்நியனைப் போலப் படித்துவிடுவான். இதை இன்றைய குழுவும் வைத்துக்கொள்ளத் தடை ஒன்றுமில்லை. ஒரு வாரம் யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை என்று பத்துப் பேர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டால் போதும். வாரம் கழிந்து ஒருவர் மட்டும், கவிதையை வரிவரியாகப் படித்து, பெயர் போட்டு, ஒரு பக்கம் எழுதட்டும். அந்த ஒரு பக்கத்துக்குக் கவிஞனின் பதிலையும் அதன் கீழேயே சேர்க்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், அச்சகம் வேண்டாம். பக்கத்து ஊர்க்காரன் மனம் கோணும் என்ற பயத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். அதுதான் கஷ்டம்.