சீட்டு எழுதிய பிறகு

கவனச் சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு ரிட்டாலின் போன்ற ஊக்க மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்ற சண்டை அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக ஓயவில்லை. ஒரு தரப்புக்கு அது வரப்பிரசாதம். இன்னொரு தரப்புக்கு, துறுதுறுவென்று திரியும் பிள்ளையை மூலையில் உட்கார வைக்கும் சூழ்ச்சி. இரு தரப்பும் மாத்திரையோடு நின்றுவிடுகின்றன. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தச் சிகிச்சையை எடைபோட முடியும்.

அதற்கு உதவும் ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. சுருக்கமாக எம்.டி.ஏ. என்பார்கள். 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும். நான்காவது குழுவை அவரவர் ஊர் டாக்டரிடமே விட்டுவிட்டார்கள். ஆய்வாளர்களிடம் மருந்து பெற்ற இரு குழுக்களும் முந்தின. கவனச் சிதறலும் துறுதுறுப்பும் நன்றாகக் குறைந்தன. எல்லோரும் எடுத்துக்காட்டும் முடிவு இதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவது குழு. அதிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டவர்களே, பெரும்பாலும் அதே மெத்தில்ஃபெனிடேட் (ரிட்டாலினில் உள்ள மருந்து). ஆனாலும் பின்தங்கினார்கள்.

ஆய்வுக் குழுவில் முதல் 28 நாள் டோஸை மாற்றி மாற்றிக் கொடுத்து, பெற்றோரும் டீச்சரும் சொன்னதை வைத்துப் பிள்ளைக்கு ஏற்ற அளவைப் பிடித்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை அரைமணி நேரச் சந்திப்பு. டீச்சரிடமும் மாதந்தோறும் பேசினார்கள். ஊர் டாக்டரிடம் போனவர்களுக்கோ வருடத்துக்கு இரண்டு மூன்று சந்திப்புதான், டோஸும் குறைவு. டோஸ் குறைந்ததால் பலன் குறைந்தது, அவ்வளவுதானே என்று வாதிடலாம். போதவில்லை என்பதைக் கண்டுபிடித்துக் கூட்ட ஆள் இருந்திருந்தால் அது ஏன் 14 மாதமும் குறைவாகவே இருந்திருக்கும்?

மருந்தின் பக்கம் நிற்பவர்கள் மெதுவாகச் சொல்லும் செய்தியும் இதே ஆய்வில் உண்டு. 3 ஆண்டு முடிவில் நான்கு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. 14 மாதத்துக்குப் பிறகு மருந்தைத் தொடர்வதும் விடுவதும் அவரவர் விருப்பமாக இருந்தது. ஆகவே இதை மருந்தின் தோல்வி என்று அடித்துச் சொல்ல முடியாது. கண்காணிப்பு நின்றதும் பலனும் கரைந்தது என்றே நான் வாசிக்கிறேன். நீண்டகாலப் பலன் நிரூபணமாகவில்லை என்று வாசிப்பவரை மறுக்கவும் என்னிடம் வலுவான சான்று இல்லை. 2018-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த ஆய்வு பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டையும் பெரியவர்களுக்கு இன்னொரு ஊக்க மருந்தான ஆம்ஃபெட்டமினையும் முதலில் வைத்தது. அந்தத் தீர்ப்பும் 12 வார அளவிலான பலனை வைத்துச் சொன்னதுதான்.

பக்க விளைவுகளில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பசி மந்தம், தூக்கம் தள்ளிப்போவது, நாடியும் பிபியும் சற்று ஏறுவது, தொடர்ந்து எடுத்தால் வளர்த்தியில் 2 செ.மீ. அளவு குறைவது. அபூர்வமாக மனப்பிறழ்வும் வரும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் சொல்வதன்படி 10 வயது வரையுள்ள பிள்ளைக்கு 3 மாதத்துக்கொரு முறை எடையும் 6 மாதத்துக்கொரு முறை உயரமும் பார்க்க வேண்டும். டோஸ் மாற்றும்போதெல்லாம் நாடியும் பிபியும். ஒரு தராசு, ஓர் அளவுகோல், பிபி கருவி. இத்தனை மலிவான காவலே கைநழுவுகிறது என்பதுதான் எரிச்சல்.

சீட்டுக்கு முந்தைய கட்டமும் சரியில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜனவரி முதல் டிசம்பர் கடைசிவரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. அங்கே டிசம்பரில் பிறந்த பையனுக்கு ஜனவரியில் பிறந்தவனைவிட நோய் என்று முத்திரை விழும் வாய்ப்பு 30 சதவீதமும், மருந்து கிடைக்கும் வாய்ப்பு 41 சதவீதமும் அதிகம் என்று 2012-இல் தெரியவந்தது. ஏறக்குறைய ஒரு வயது இளையவன் இளையவன்போல நடந்துகொண்டதும் நோய்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆன்லைனிலேயே ஊக்க மருந்துகளுக்குச் சீட்டு தந்த டன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நிறுவனர் 2024-இல் கைதானார். மறுசந்திப்புக்குச் சிகிச்சையாளர்களுக்குப் பணம் தரவில்லை, மாதாமாதம் சீட்டைப் புதுப்பிக்கும் கோரிக்கை தானாகவே போகும்படி ஏற்பாடு செய்தார்கள் என்பவை அப்போது அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டுகள். அப்படி நடந்திருந்தால், எம்.டி.ஏ.வின் நான்காவது குழுவையே வியாபாரமாக்கியதற்குச் சமம்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டு பாதுகாக்க வேண்டும். விற்கத் தனி லைசென்ஸ் வேறு. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் கைவிரிப்பார்கள். பரீட்சைக்காக மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்கும் பழக்கம் பரவாமல் இந்தக் கெடுபிடி தடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் மாத்திரைக்கு மட்டுமே கணக்கு இருக்கிறது; பிள்ளையின் எடையை அது கேட்பதில்லை.

டீச்சரிடம் கேட்பதிலும் ஒரு சிக்கல். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, மருந்து விஷயத்தைப் பள்ளியில் மூடிவைக்கும் பெற்றோர் உண்டு. அந்தப் பயத்தை வீண் என்று தள்ளவும் முடியாது. ஆனால் குறுகிய நேர மாத்திரையின் வேலை நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் போட்டால் அதன் பலனைப் பார்ப்பவர் டீச்சர் மட்டுமே. வீட்டில் சாயங்காலம் தெரிவது மருந்து இறங்கி, எரிச்சலோடு வந்து நிற்கும் பிள்ளை. “ஒண்ணும் கேக்கல டாக்டர்” என்று அப்பா சொல்வதை மட்டும் நம்பி டோஸை ஏற்றினால், வகுப்பில் ஏற்கெனவே சரியாக இருந்த பிள்ளை மதியச் சாப்பாட்டை அப்படியே டப்பாவில் திருப்பிக் கொண்டுவரும்.