மென்மையான கதைகளும் மண்ணின் கேள்வியும்

கடற்கரைச் சிற்றூர்களையும் நாட்டுப்புறக் குடிகளையும் களமாகக் கொண்டு, வாசகனுக்கு நம்பிக்கையூட்டும் நோக்குடன் எழுதப்படும் மென்மையான கதைகளை நம்மவருள் பலர் ஐயத்தோடு நோக்குகின்றனர். போராட்டம் இல்லை, வர்க்க முரண்பாடு கூர்மை பெறவில்லை, ஆகவே இவை தாலாட்டு இலக்கியம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். ஆயினும் மாணவர் இவற்றையே விரும்பி வாசிக்கின்றனர். மக்கள் விரும்பும் ஒன்றை ஆராயாமலே ஒதுக்குவது முற்போக்கு விமர்சனத்துக்கு அழகன்று. அந்த இன்பம் எங்கிருந்து பிறக்கின்றது, அது வாசகனை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்று கேட்பதே நமது கடமை.

இலங்கையில் இவ்வகைக்குத் தலைசிறந்த சான்று மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் வெளியிட்ட ‘மடோல் தூவ’. தமிழிலும் இது ‘மடோல் தீவு’ என வாசிக்கக் கிடைக்கின்றது. தாயை இழந்து சிற்றன்னையின் கண்டிப்பில் வளரும் உபாலி என்ற குறும்புக்காரச் சிறுவனும், அவன் வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவும் ஊரைவிட்டு ஓடிப்போகின்றனர். கண்டற் செடிகள் சூழ்ந்த, ஆளில்லாத தீவொன்றை அடைந்து, காடு வெட்டிப் பயிர் செய்து நிலைகொள்கின்றனர். கதை இவ்வளவே. ஆனால் இதில் வரும் நம்பிக்கை வானத்திலிருந்து இறங்கிய வரம் அன்று. கத்தியும் மண்வெட்டியும் பிடித்த கைகளிலிருந்து பிறப்பது. உழைப்பைக் காட்டாமல் ஆறுதலை மட்டும் தரும் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

கடற்கரைக் கதை என்றதும் தகழி சிவசங்கரப்பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) பலர் நினைவுக்கு வரும். சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தால் அது நம்மிடையேயும் புகழ் பெற்றது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனின் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையின் மேல் அக்கதை கட்டப்பட்டிருக்கின்றது. செம்பன்குஞ்சு பரீக்குட்டியின் பணத்தைப் பெற்றுத் தோணி வாங்குவதும், அக்கடனைத் தீர்க்காமல் இழுத்தடிப்பதும் அதே நூலில்தான் இருக்கின்றன. ஆனால் வாசகர் பெரும்பாலோர் காதலை நினைவில் வைத்துக் கடனை மறந்துவிடுகின்றனர். இது எழுத்தாளன் குறை மட்டுமன்று. நாம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையின் குறையுமாகும்.

‘மடோல் தூவ’வையும் அவ்வாறே அரைகுறையாக வாசித்துவிடக்கூடாது. விக்கிரமசிங்க பிறந்தது தென்கரையில் உள்ள கொக்கலையில். இரண்டாம் உலகப் போரின்போது அவ்வூரை ஆங்கிலேய ஆட்சி விமானப்படைத் தளத்துக்காக எடுத்துக்கொண்டது. குடிமக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் பிறந்த வீடு எஞ்சி நின்று இன்று நூதனசாலையாக இருக்கின்றது. ம. மு. உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கிய ‘கம்பெரலிய’ 1944இலும், ‘மடோல் தூவ’ 1947இலும், அதாவது அந்த இழப்பின் பின்னரே வெளிவந்தன. இவ்வரிசையை அறிந்தவனுக்குக் களப்பும் கண்டற்காடும் வெறும் இயற்கை வருணனையாகத் தோன்றா. பறிபோன மண் எழுத்தில் மீட்கப்படுவதை அவன் உணர்வான்.

இனி நம் பக்கம் வருவோம். கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் வீதியில், அக்குறணைக்கு அப்பால் உள்ளது அலவத்துகொட. சிங்கள உழவர், முஸ்லிம் வணிகர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் அருகருகே வாழும் மலைப்பகுதி இது. கடலைக் காணாத மாணவனும் இங்கு அக்கதையில் உள்ளம் பறிகொடுப்பதற்குக் காரணம் உண்டு. மண் பறிபோன கதை மலைக்கும் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டி உழவனின் காட்டையும் சேனையையும் அரசுடைமை என்று கொண்டு, தோட்டத்துரைமாருக்கு வழிதிறந்தது. அத்தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரோ, ‘மடோல் தூவ’ வெளிவந்த மறு ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். பிரசாவுரிமை பின்னர் மீண்டது. லயன் அறையிலிருந்து எழும் காணியுரிமைக் கோரிக்கையோ இன்னும் ஓயவில்லை. ‘காடு வெட்டி, பயிர் செய்து, நமது என்று சொல்ல ஒரு துண்டு நிலம்’ என்ற கனவு இங்கே மென்மையான கனவன்று. மூன்று தலைமுறைக்கு மேற்பட்ட கோரிக்கை.

நூலின் வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதையைச் சொல்பவன் உபாலி. ஜின்னா உடன் உழைக்கின்றான், உடன் இடர்ப்படுகின்றான், ஆனால் கதையை அவன் வாயால் நாம் கேட்பதில்லை. டானியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வில் (1719) வெள்ளிக்கிழமை என்று பெயரிடப்பட்டவன் ‘எசமானே’ என அழைக்கக் கற்பிக்கப்படுகின்றான். விக்கிரமசிங்க அந்த ஆதிக்க மனப்பான்மையிலிருந்து வெகுதூரம் விலகி, இரு சிறுவரின் தோழமையை உருவாக்கினார். எனினும் வீட்டுப் பிள்ளை, வேலைக்காரப் பிள்ளை என்ற கோடு தீவிலும் முற்றாக அழியவில்லை. தீவின் விளைச்சலில் ஜின்னாவின் பங்கு யாது என்ற கேள்வியைக் கதை எழுப்பாமலே விடுகின்றது.

அக்கேள்வியை வகுப்பறை எழுப்பட்டும். இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இதே கதையை ஜின்னா சொல்வதாக எழுதுக’ என்று மாணவரைப் பணிக்கலாம். அடுத்த வீட்டில் வேலைக்கு விடப்பட்ட சிறுமியை அறிந்த மாணவனும், லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்து வரும் மாணவியும் என்ன எழுதுவர் என்று பாருங்கள். மென்மையான கதையில் அவர்கள் பெற்ற இன்பத்தை நாம் பறிக்க வேண்டியதில்லை. அந்த இன்பத்தால் நெகிழ்ந்த உள்ளத்தில் நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற கேள்விகளை விதைத்தால் போதும். நம் பகுதியின் அடுத்த நாவல் அந்த விடைத்தாள்களில் ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும்.