ஆட்கள் ஏறாத பஸ்

இரவு கடை பூட்டியபின் குசினியில் கோப்பை கழுவும்போது நான் கேட்பது பெரும்பாலும் இளையராஜாதான். சில மாதங்களாக அந்த இடத்தை நண்பர் தந்த ஓர் இசைத்தொகுப்புப் பிடித்துக்கொண்டது. பெயரே அரசாங்கக் கோப்புப் போலிருக்கும்: 'இன்ரரிம் றிப்போர்ட், மார்ச் 1979'. 2021இல் வெளிவந்தது. செய்தவர் கோர்டன் சாப்மன்-ஃபொக்ஸ். இதற்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் இன்னும் வேடிக்கை: 'வொறிங்ரன்-றன்கோர்ன் நியூ ரவுண் டெவலப்மென்ற் பிளான்'.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946இல் வந்த சட்டத்தின்படி பிரித்தானிய அரசு புதுநகரங்களைக் கட்டத் தொடங்கியது. முதலாவது ஸ்ரீவனேஜ். அங்கிருந்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். அமைச்சர் சில்கினைக் கேலிசெய்து புகையிரத நிலையப் பெயர்ப்பலகையை 'சில்கின்கிராட்' என்று மாற்றினார்கள். றன்கோர்ன் 1964இலும் வொறிங்ரன் 1968இலும் இப்பட்டியலில் சேர்ந்தன. லிவர்பூலின் நெரிசலான வீடுகளிலிருந்து சனங்களை றன்கோர்னுக்குக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்கென்றே எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் தனிவீதி போட்டார்கள்.

இந்த இசையில் பாட்டு இல்லை. சிந்தசைசரில் ஒரு சுரக்கோர்வை திரும்பத் திரும்ப வரும்; அதற்குமேல் இன்னொன்று மெதுவாக எழும். பழைய கல்விப் படங்களின் பின்னணி இசை ஞாபகம் வரும். முதலில் எரிச்சல்தான் வந்தது. வீடு கிடைத்தவர்களின் பழைய நினைவு எமக்கெதற்கு என்று நினைத்தேன். பிறகுதான் தலைப்பிலுள்ள மாதத்தைக் கவனித்தேன். 1979 மே மாதம் தச்சர் பிரதமரானார். சாதாரண சனங்களுக்கு அரசே வீடு கட்டித் தரும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு தேய்ந்துபோனது. மார்ச்சில் அறிக்கை எழுதுகிறவருக்கு அது தெரியாது. கேட்கிற எமக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நையாண்டி செய்யாமல் வாசித்திருக்கிறார் சாப்மன்-ஃபொக்ஸ். அதற்காகவே இத்தொகுப்பை மதிக்கிறேன்.

ஆனால் எல்லாம் வரைபட மேசையிலிருந்து பார்த்ததாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்து இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன் நான். வரைபடத்தின் அழகில் மயங்குவது எனக்கும் தெரிந்த வியாதிதான். ஜேம்ஸ் ஸ்ரேலிங் வடிவமைத்த றன்கோர்ன் சவுத்கேட் குடியிருப்பின் வட்ட யன்னல்களைப் பார்த்து சனங்கள் 'உடுப்புத் தோய்க்கிற மெசின்' என்றார்கள். 1970களில் கட்டியதை 1990களின் தொடக்கத்தில் இடித்தார்கள். அந்தச் சனங்களின் வாய் இந்த இசையில் இல்லை.

1948இல் அரசு செய்வித்த 'சார்லி இன் நியூ ரவுண்' என்ற கார்ட்டூன் படம் சுத்தப் பிரச்சாரம். புடாபெஸ்ற்றிலிருந்து 1936இல் இங்கிலாந்துக்கு வந்த ஜோன் ஹலாஸும் ஜோய் பற்செலரும் செய்தது. என்றாலும் அதில் சார்லி சைக்கிள் ஓடுகிறான், எம்மைப் பார்த்துக் கதைக்கிறான். 'பப்ளிக் சேர்விஸ் புறோட்காஸ்ரிங்' குழு 2017இல் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 'எவ்ரி வலி' என்ற தொகுப்பைச் செய்தபோது, ஆவணக்காப்பகங்களிலிருந்து தொழிலாளரின் குரல்களையும், வேலைநிறுத்தத்தில் நின்ற பெண்களின் குரல்களையும் எடுத்து இசைக்குள் வைத்தது. இசை சிலவேளை குரல்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அந்த ஒதுக்கம் சாப்மன்-ஃபொக்ஸிடம் வாய்க்கவில்லை.

லிவர்பூலிலிருந்து வந்த மனிசி புதுவீட்டுச் சாவியை வாங்கியபோது என்ன நினைத்தாள்? பழைய தெருவில் யாரை விட்டுவந்தாள்? எமக்கு முதலில் கேட்கத் தோன்றுவது அதுதானே. ஏழெட்டு இரவு தேடிவிட்டேன். எட்டு வடிவ வீதியில் பஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் ஏறக் காணவில்லை.