மரிக்காரும் உபாலியும் ஒரே ஒலிவாங்கியில்

இலங்கைத் தமிழரிடம் உங்கள் பழைய தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் யார் என்று கேட்டால், வானொலி நடிகர்களின் பெயர்கள்தான் வரும். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். அதைத் தாண்டிக் கேட்டால் ‘அண்ணை றைற்’ பாலச்சந்திரன், முகத்தார் ஜேசுரட்ணம். வேறு நாடுகளில் வாராவாரம் சின்னத்திரையில் வந்து வீட்டு மனிதராகிவிட்ட நகைச்சுவைக்காரருக்கு என்ன இடமோ, அந்த இடத்தை இங்கே பற்றறி றேடியோவில் வந்த குரல்கள் பிடித்துக்கொண்டன. அவர்களின் முகத்தை மக்கள் பார்த்தது பிறகுதான்.

தொடக்கம் சானா என்ற எஸ். சண்முகநாதனிடம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகத்தை வளர்த்தெடுத்தவர் அவர். அவருடைய ‘இலண்டன் கந்தையா’வின் சிரிப்பு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே ஒலிபரப்பியதில் இருந்தது. வானொலி என்றால் செந்தமிழ் என்றிருந்த காலத்தில் அது சிறிய துணிச்சல் அல்ல. வரணியூரான் கணேசபிள்ளையின் எழுத்தும் ஜேசுரட்ணத்தின் குரலும் முகத்தாரை உருவாக்கியதும், டிங்கிரி–சிவகுரு இணை மேடை மேடையாகப் போனதும் இதே தடத்தில்தான். நல்ல கலைஞர்கள், ஆனால் எல்லாரும் ஒரே குடாநாட்டின் சிரிப்பு.

அந்த வட்டத்தை உடைத்தவர் எஸ். ராமதாஸ். அவர் எழுதி நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ வர்த்தக சேவையில் போனபோது, ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நான்கு விதமான தமிழ் நின்றது. மரிக்கார் முஸ்லிம். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தான். உபாலி சிங்களவர். நாலாமவர் ஐயர். யார் யாரை நடித்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். மரிக்காராக வந்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். உபாலியாக வந்த செல்வசேகரன் தமிழர். ஐயராக வந்தவர் பி.எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டி ராஜகோபால் ஒருவரை விட்டால், மற்ற மூவரும் தங்கள் வீட்டில் பேசாத தமிழைப் பேசி நாட்டைச் சிரிக்க வைத்தார்கள்.

மற்றவனின் பேச்சைப் பேசிக் காட்டுவது எளிது. அதில் நக்கல் ஏறாமல் பார்ப்பதுதான் கஷ்டம். உபாலியை எடுத்துக்கொள்ளலாம். பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் நான், நீ, அவன் என்று ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. அதனால் தமிழுக்கு வரும் சிங்களவருக்கு வினையின் வால்தான் வழுக்கும்; அவன் வந்தாளாகும், நான் போனானாகும். ழகரம், ளகரம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த இலக்கணத் தடுமாற்றத்தைச் சரியாகப் பிடித்த நடிகன் சிங்களவரைப் போலவே கேட்பான். பிடிக்காதவன் நாக்குளறுபவனைப் போலத்தான் கேட்பான். செல்வசேகரன் முதல் வகை. மேடைகளில் இன்றும் அரைகுறைத் தமிழ்ச் சிங்களவர் பாத்திரம் வரும்போது, அவர் போட்ட அச்சின் தேய்ந்த பிரதிகளைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

இந்த நால்வரை மட்டக்களப்புப் பக்கத்து வாழைச்சேனை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிப்பது சுவாரசியமானது. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். ஒன்றில் தமிழர், மற்றதில் முஸ்லிம்கள். 1950களில் எழுந்த காகித ஆலை சிங்களத் தொழிலாளரையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, கொழும்புக் கலையகத்தில் கூட்டிவைத்த கூட்டம் இங்கே ஆலை வாசலிலேயே நின்றது. ஆனால் அந்தத் தமிழ் இங்கே இல்லை. ராமதாஸ் பேசியது கொழும்புப் பக்கத்து முஸ்லிம் தமிழ். அங்கே மூத்தவர் ‘நானா’ என்றால் இங்கே ‘காக்கா’. ஓட்டமாவடிக்காரரும் வாழைச்சேனைக்காரரும் உறவுமுறைச் சொற்களில் பிரிந்தாலும், ‘பிறகு’ என்பதற்கு வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மறுகா’ போட்டுத்தான் கதையை நகர்த்துவார்கள். மரிக்கார் ஓட்டமாவடியாருக்கே வெளியூர்க்காரர். அப்புக்குட்டி வாழைச்சேனையாருக்கு வெளியூர்க்காரர். நால்வரில் மட்டக்களப்பான் ஒருவன் இல்லை. மலையகத்தவரும் இல்லை. எல்லாரையும் சேர்த்துவைத்ததாகக் கொண்டாடப்படும் ஒரு தொடரைப் பற்றி இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வானொலியிலிருந்து திரைக்கு அவர்களைக் கொண்டுபோனதில் காலத்துக்கும் பங்குண்டு. 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. உள்ளூர்ப் படம் எடுக்கலாம் என்ற நம்பிக்கை தமிழரிடமும் துளிர்த்தது. வானொலியில் ஏற்கெனவே பெயர் எடுத்த பாத்திரங்கள் இருக்க, புதுக் கதை தேடி யார் அலைவார்கள்? எஸ். ராமநாதன் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ 1976இல் வந்து நன்றாக ஓடியது. அதே சூட்டில் 1978இல் ‘ஏமாளிகள்’.

சினிமாவாகப் பார்த்தால் இரண்டும் பெரிதாகச் சொல்லக்கூடியவை அல்ல. குரலுக்காக எழுதப்பட்ட வசனத்தைக் கமெராவுக்கு முன்னால் நின்று பேசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வானொலியில் ஒரு பாத்திரம் வாய் திறக்கும்வரை அவன் அறைக்குள் இருக்கிறானா என்றே தெரியாது. அந்த மறைவிலேயே பாதிச் சிரிப்பு பிறக்கும். திரையில் நால்வரும் முன்னாலேயே நிற்கிறார்கள், தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு. ஆனாலும் தியேட்டருக்குப் போனவர்கள் ஏமாறவில்லை. அவர்கள் போனது கதைக்கல்ல, வருடக்கணக்கில் காதால் பழகிய ஆட்களின் முகத்தைப் பார்க்க.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சுயாதீன சேவை 1979இல், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். இந்த நடிகர்களின் நல்ல காலம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். ரூபவாஹினிக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் 1983 யூலைக் கலவரம் வந்துவிட்டது. கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு போயின. படம் எடுக்கும் கூட்டமே கலைந்தது. நால்வரை ஒரே மேசையில் இருத்திச் சிரிக்கும் மனநிலையும் நாட்டில் மிஞ்சவில்லை. 1985இலும் 1990இலும் வாழைச்சேனை அடங்கிய கல்குடாத் தொகுதியில் தமிழ்–முஸ்லிம் மோதல்கள் மூண்டபோது, ஒட்டிக் கிடந்த ஊர்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவே அஞ்சின.

சிங்களத்தில் கதை வேறு. அனஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக, சாமுவேல் ரொட்ரிகோ மூவரும் ‘விநோத சமய’ என்று வானொலியில் செய்ததுதான் கோமாளிகளுக்கு மிகக் கிட்டிய உறவு. ஆனால் சிங்கள நகைச்சுவைக்கு வானொலியிலிருந்து சின்னத்திரைக்கு ஏற ஒரு படிக்கட்டு இருந்தது. 1987இல் சுயாதீன சேவையில் தொடங்கிய ‘கோப்பி கடே’, ஒரு கிராமத்துத் தேநீர்க்கடையை வைத்துக்கொண்டு பல தசாப்தங்கள் ஓடியது. தமிழில் அப்படி ஒரு கடை திறக்கப்படவே இல்லை. திறமை இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு கிழமையும் அதே நேரத்துக்கு அரை மணித்தியாலம் கொடுக்க நிலையம்தான் இருக்கவில்லை.

கே.எஸ். பாலச்சந்திரன் இதற்கு ஒரு தனி வழி கண்டார். கரவெட்டியில் 1944இல் பிறந்தவர். அவருடைய ‘அண்ணை றைற்’ ஒரு பஸ் கொண்டக்டரின் பாடு. மேடையில் நிற்பது ஒருவர். ஆனால் சனம் நெருக்கித் தள்ளும் ஒரு முழு பஸ்ஸே கண்முன் ஓடும். கொண்டக்டர் ஒரு பக்கம் திரும்பிக் கத்துகிறார், மறுபக்கம் குழைகிறார். அந்தத் தோள் திருப்பத்திலேயே எதிரில் நிற்பது கிழவியா, பள்ளிக்கூடப் பெட்டையா என்று தெரிந்துவிடும். பயணியின் பதில் நமக்குக் கேட்பதில்லை. கொண்டக்டரின் அடுத்த வசனத்திலிருந்து அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். வானொலி கற்றுத்தந்த மறைவு வித்தையை மேடைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான் என்பேன். குழுவும் வேண்டாம், காட்சியமைப்பும் வேண்டாம் என்பதால் போர்க்காலத்திலும் இந்தத் தனிநடிப்பு பிழைத்தது. ஒலிநாடாவாகி மூட்டை முடிச்சுகளோடு புலம்பெயர்ந்தது.

அவரும் பின்னர் புலம்பெயர்ந்தார். கனடாவில் ‘வை.ரி. லிங்கம் ஷோ’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தார். இலங்கைத் தமிழ் நகைச்சுவை நடிகர் ஒருவருக்குத் தன் பேச்சுத் தமிழிலேயே சொந்தமாக ஒரு தொடர் வாய்க்க, ரொறன்ரோவரை போக வேண்டியிருந்தது. அங்கேயே 2014இல் காலமானார். செல்வசேகரன் அதற்கு முன், 2012இல். ராமதாஸ் சென்னைக்குப் போய், 2016இல் மறைந்தார்.

அப்துல் ஹமீத்தின் குரல் மட்டும் சின்னத்திரையில் பெரிய வெற்றி கண்டது. சன் தொலைக்காட்சியின் பாட்டுக்குப் பாட்டில், அறிவிப்பாளராக. தமிழ்நாட்டில் அவரை ரசித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஐயரை அறிந்திருப்பார்கள்?

உள்ளூரில் 1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தமும் வந்தன. நேரம் கிடைத்தது, அதை நிரப்பச் சென்னைத் தொடர்கள் மலிவாகக் கிடைத்தன. மட்டக்களப்பில் மகிடிக் கூத்தின் மந்திரவாதிகள் ஒருவரையொருவர் வாயால் மடக்கும் கலை இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குக் கட்டியகாரன் இருக்கிறான். ‘மறுகா’ போட்டுக் கதை சொல்லும் இரண்டு சமூகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டமாவடிக் கடைக்காரரையும் வாழைச்சேனை ஆலைத் தொழிலாளியையும் எதிரெதிரே இருத்தி எழுத ஒரு ராமதாஸ் இந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வரவில்லை.