வட்டுக்கோட்டைச் செமினரிக் கட்டடம்: ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றில் வட்டுக்கோட்டைச் செமினரி பெறும் இடம் யாவரும் அறிந்ததே. அதன் ஆசிரியரையும் மாணாக்கரையும் பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். கட்டடத்தைப் பற்றிப் பேச நேரும்போதோ, பழைய தேவாலயமொன்றிற் பள்ளி நடைபெற்றது என்ற ஒரு வரியுடன் அமைந்துவிடுகின்றனர். அவ்வரி பாதி உண்மையே என்பது நமது கருத்தாகும்.

போர்த்துக்கேயர் காலத்தில் அவ்விடத்தில் ஒரு தேவாலயம் எழுந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை 1678இற் புதுக்கிக் கட்டினர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது கூரையிழந்த சுவர்களே எஞ்சியிருந்தன. அவர்கள் அவற்றைச் செப்பனிட்டுக் கூரையிட்டனர். 1823இல் டானியல் பூவரை அதிபராகக் கொண்டு அவ்வளவிற் செமினரி தொடங்கியது. மிசனரிமார் திட்டமிட்டது ஒரு கல்லூரியையேயாயினும், 'செமினரி' என்ற பெயரே நிலைத்தது.

இனிக் கட்டட அமைப்பை நோக்குவோம். தடித்த சுவர்களையுடைய நீண்ட ஆலயம், ஒருவர் உரைக்கப் பலர் ஒருமுகமாக இருந்து கேட்பதற்கென அமைந்தது. கணிதம், வானியல், தமிழ், வடமொழி, ஆங்கிலம் எனப் பல துறைகளை வெவ்வேறு வகுப்பினருக்குக் கற்பிக்க அவ்வமைப்பு மட்டும் போதாது. எனவேதான் ஆலயத்தின் அயலிற் புதிய கட்டடங்கள் வேண்டப்பட்டன. சேர் றிச்சட் ஒட்லியின் பெயர் தாங்கிய ஒட்லி மண்டபம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. ஆலயம் முன்னோர் விட்டுச்சென்றது. மண்டபமோ கல்வியின் தேவையால் எழுந்தது. செமினரியின் கட்டடக்கலையை மதிப்பிட விரும்புவோர் பின்னதிலிருந்தே தொடங்குதல் தகும்.

பழைமையை மட்டும் கொண்டு கட்டடத்தை மதிப்பிடுவதில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலக் கல்வி பெற்றோர் மிசன் பணியை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர், தாய்மொழிவழிப் போதனையே மிசனுக்கு உகந்தது என்னும் எண்ணம் வலுப்பெற்றமையால் 1855இற் செமினரி மூடப்பட்டது. சுவர்களுக்கு யாதொரு சேதமுமில்லை, பள்ளியே இல்லாதொழிந்தது. அங்குப் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவர்கள் பட்டம் பெற்றபோது அவர்களை உருவாக்கிய பள்ளி மூடப்பட்டு ஈராண்டு கழிந்திருந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும் வரை அவ்வளவில் உயர்கல்வி மீளவில்லை. ஆலயமோ, 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயமாயிற்று.

ஆகவே, சுவரின் தொடர்ச்சியைக் கல்வியின் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கட்டடத்தின் காலத்தையும் பள்ளியின் காலத்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். இது ஆய்வு நெறி பற்றிய செய்தி மட்டுமன்று. பழைய பள்ளிகளைப் புதுக்குவோர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பெயர் பெற்ற கற்களைப் போற்றி, வகுப்பறைகளையும் மண்டபங்களையும் பிற்காலச் சேர்க்கை எனக் கருதி அகற்றிவிடக் கூடும். அவ்வாறு நிகழின் எஞ்சுவது பழைய கட்டடமேயன்றிப் பள்ளியன்று. தமிழ் மாணாக்கர் கற்ற இடம் அப்பிற்காலச் சேர்க்கையே என்பதை நாம் மறத்தலாகாது.