"இது ரேட்டிங் போட்டியா?"

கண்டியில் ஒரு சதுரங்கப் போட்டி அறிவிக்கப்பட்டால், பெற்றோர் முதலில் விசாரிப்பது பரிசுத் தொகையை அல்ல. "இது ரேட்டிங் போட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிண்ணம் வீட்டு அலுமாரியோடு நின்றுவிடும். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே தரும் தரப்புள்ளி கொழும்புக்கும் சென்னைக்கும் பிள்ளையோடு போகும். பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்த இந்தக் கணிப்பு முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. யாரை வென்றாய், யாரிடம் தோற்றாய் என்பதையே அது முதன்மையாகப் பார்க்கிறது. ஊர், மொழி, பாடசாலையின் பெயர் எதுவும் அதற்குக் கணக்கில்லை. திரித்துவக் கல்லூரி மாணவனும் தெல்தோட்டைத் தோட்டப் பாடசாலை மாணவியும் அதன் முன் ஒன்றுதான்.

கணிப்பு அப்படி. அந்தக் கணிப்புக்குள் ஒரு போட்டியைச் சேர்ப்பதற்கான பதிவு விதிகள் அப்படி இல்லை என்பதே என் வாதம்.

விதிகளின் வலுவான பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். போட்டி தொடங்கும் முன்னரே நாட்டின் சம்மேளனம், நமக்கு இலங்கைச் சதுரங்க சம்மேளனம், அதை ஃபிடேயில் பதிந்திருக்க வேண்டும். நேர அட்டவணையும் முன்கூட்டியே போக வேண்டும். உரிமம் பெற்ற நடுவர் இருக்க வேண்டும், ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் ஃபிடே இலக்கம் இருக்க வேண்டும். சர்வதேசப் பட்டங்களுக்கான தகுதி பெறக்கூடிய போட்டி என்றால் 30 நாட்களுக்கு முன்பே பதிய வேண்டும். ஆடி முடித்து, முடிவு பிடித்திருந்தால் அனுப்பலாம் என்ற வசதி யாருக்கும் இல்லை.

இந்தக் கண்டிப்பு தேவைதானா என்று கேட்பவர்கள் ருமேனியாவின் அலெக்சாந்துரு கிரிசானின் கதையைப் படிக்கலாம். 1998இல் 2635 தரப்புள்ளியோடு உலகின் முன்னணி வரிசையில் நின்றவர் அவர். அந்தப் புள்ளிகள் புனையப்பட்ட போட்டிகளில் வந்தவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பலர் பார்க்க வலுவான போட்டியில் உட்கார வேண்டி வந்தபோது கடைசி இடத்துக்குப் போனார். 2015இல் அவருடைய கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஃபிடே பறித்தது. காகிதத்தில் மட்டும் நடந்த போட்டிகள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முன்பதிவு விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

சிக்கல் நேர விதியில் தொடங்குகிறது. நீண்ட ஆட்டத் தரப்புள்ளிக்கு, ஓர் ஆட்டம் 60 நகர்த்தல்கள் போகும் என்று வைத்து, ஆளுக்கு ஆகக்குறைந்தது 60 நிமிடம் கொடுக்க வேண்டும். ஆடுவோரில் 1800ஐ எட்டியவர் இருந்தால் அது 90 நிமிடம். 2400 என்றால் 120. ஆட்டத்தின் தரம் காக்கும் விதி இது, அதில் குறை காண முடியாது. ஆனால் இதைக் கண்டியின் ஒரு சனி, ஞாயிறுக்குள் அடக்கிப் பாருங்கள். ஆளுக்கு 60 நிமிடம் என்றால் ஒரு சுற்று இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும், ஏழு சுற்றுகளை இரண்டு நாளில் ஆடிவிடலாம். 90 நிமிடம் என்றால் ஒரு சுற்று மூன்று மணித்தியாலம். நாளொன்றுக்கு மூன்று சுற்று ஆடினாலே காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஆறைத் தாண்டும், ஏழாவது சுற்று மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போகும். திங்கட்கிழமை பாடசாலை மண்டபத்தை யார் தருவார்கள்? கலஹாவுக்கும் நாவலப்பிட்டிக்கும் போகும் பிள்ளை பஸ்ஸைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா? ஓகஸ்ட் விடுமுறை இருக்கிறதே என்றால், எசல பெரஹெரா நெருங்கும்போது நகரத்துப் பாடசாலை மண்டபங்களை நம்பியிருக்க முடியாது.

எனவே ஏற்பாட்டாளர்கள் எளிய வழியை எடுக்கிறார்கள்: 1800ஐ எட்டியவர்கள் வர வேண்டாம். போட்டி இரண்டு நாளில் முடிகிறது, ஆனால் வளரும் பிள்ளை வலுவானவரோடு மோதும் வாய்ப்பும் அதோடு முடிகிறது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தரப்புள்ளிகள் உலகெங்கும் சுருங்கிவிட்டன என்று கண்ட ஃபிடே, 2024 மார்ச்சில் 2000க்குக் கீழிருந்த எல்லோருக்கும் ஒரே தடவையில் புள்ளி கூட்டியது. 2000க்கும் அவர்களது புள்ளிக்கும் உள்ள இடைவெளியில் 40 வீதம். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1700 இருந்தவர் 1820 ஆனார். சுருக்கத்தைத் திருத்தியது சரிதான். ஆனால் அதனால் 1667ஐ ஒட்டி நின்றவர்கள்கூட இன்றைய 90 நிமிடக் கோட்டை எட்டிவிட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் போட்டி 90 நிமிடப் போட்டியாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது, புள்ளியே இல்லாத பிள்ளையின் நிலை. முதல் தரப்புள்ளி கிடைக்க, ஏற்கெனவே புள்ளி உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். முதல் போட்டியில் எடுத்தது பூச்சியமென்றால் அது கணக்கில் வராது. ஐந்தையும் ஒரே போட்டியில் ஆட வேண்டியதில்லை, 26 மாத அவகாசம் உண்டு. காகிதத்தில் தாராளம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் நடப்பதைப் பாருங்கள். பட்டியலின் அடியில் இருக்கும் புதிய பிள்ளை முதற் சுற்றில் மேல் பாதியில் ஒருவரோடு மோதித் தோற்கிறது. இரண்டாம் சுற்றில் அதற்குக் கிடைப்பது தன்னைப் போலத் தோற்ற இன்னொரு புதிய பிள்ளை. அந்த ஆட்டம் இருவருக்கும் தரப்புள்ளிக் கணக்கில் சேராது. ஏழு சுற்று ஆடியும் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். ஃபிடே அறவிடும் தரப்புள்ளிக் கட்டணம், ஆளுக்கு ஒரு யூரோ அளவு, எல்லோருக்கும் ஒன்றே. அதன் மேல் நடுவர் கொடுப்பனவு, மண்டபம், சம்மேளனத்தின் பங்கு எல்லாம் ஏறி நுழைவுக் கட்டணமாகிறது. கணக்கில் வராத ஆட்டங்களுக்கும் சேர்த்துத்தான் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை காசு கட்டுகிறது.

இதற்குப் பரிகாரம் விதிக்குள்ளேயே இருக்கிறது. புள்ளி உள்ள ஐந்து பேரும் புதியவர் ஐவரும் கொண்ட சிறு குழுக்களை அமைத்து, ஒவ்வொரு புதியவரும் அந்த ஐவரோடும் ஆடும்படி செய்தால், ஒரே வார இறுதியில் ஐந்து ஆட்டமும் கணக்கில் ஏறும். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களும் கண்டிப் பாடசாலைகளின் பழைய மாணவர்களும் மனம் வைத்தால் ஐவரைத் தேடுவது பெரிய காரியமல்ல. ஆனால் பெரும் திரளைக் கூட்டி, நீண்ட பரிசுப் பட்டியல் போட்டு, படம் எடுக்கும் போட்டிகளில்தான் நமக்கு மோகம்.

சிறு வட்டத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் சிறைக்கைதி குளோட் பிளட்குட், சக கைதிகளோடு ஆடி ஆடியே 1996இல் அந்நாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தார். வெளிக்காற்று புகாத வட்டத்தில் புள்ளி பொய் சொல்லும். நம் பாடசாலை வட்டத்தில் அது மறுபுறமாகப் பொய் சொல்கிறது: வேகமாக முன்னேறும் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் புள்ளியைப் பறித்துக்கொள்ள, யாருடைய புள்ளியும் உண்மைத் திறமையை எட்டுவதில்லை. 2024இன் திருத்தம் ஒருமுறைதான் வந்தது.

கடைசியாக, வாசல் ஒன்றுதான் என்பது. கண்டியில் இருக்கும் ஏற்பாட்டாளர் நேரடியாக ஃபிடேக்குப் போக முடியாது, சம்மேளனம் வழியாகவே போக வேண்டும். பொறுப்பை ஒரு கையில் வைப்பதற்கு அது நல்லது. ஆனால் அந்தக் கை முடங்கினால்? காற்பந்தில் 2023 ஜனவரியில் ஃபிஃபாவும், கிரிக்கெட்டில் அதே ஆண்டு நவம்பரில் ஐசிசியும் இலங்கையை இடைநிறுத்தியதைக் கண்டோம். நிர்வாகத்தில் விழுந்த அடி விளையாடுபவன் தலையில்தான் இறங்கியது. நடுவர் விடயமும் இதைப் போன்றதே. சதுரங்க விதிகளின் அதிகாரபூர்வ மூலம் ஆங்கிலம். தமிழ்மொழி மூலப் பாடசாலையில் சதுரங்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் நடுவர் உரிமம் பெற நினைத்தால், சதுரங்கத்துக்கு முன் ஆங்கிலத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. மத்திய மாகாணத்தில் தமிழில் நடுவர் பயிற்சி நடத்துவது சம்மேளனத்தின் கடமை.

முன்பதிவைத் தளர்த்த வேண்டாம். தளர வேண்டியது போட்டியை வடிவமைக்கும் நம் பழக்கம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஃபிடேயின் தரப்புள்ளித் தளத்தில் இலங்கைக்குரிய எஸ்.ஆர்.ஐ. என்ற குறியீட்டைத் தெரிவு செய்தால் பதியப்பட்ட போட்டிகளின் பட்டியல் வரும். கட்டணம் கட்டும் முன் அதில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், எப்போது பதிவீர்கள் என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்.